கிறிஸ்தவக் கல்வி வகுப்பில் மாணவர்கள் அசட்டை – பதில்

ஸ்தோத்திரம். இறையியல் கல்லூரியில் உங்கள் கிறிஸ்தவக் கல்விப் பாடத்தை ‘ஓய்வுநாள் பள்ளி டீச்சர் வேலைதானே’ என்று மாணவர்கள் ஒதுக்குவதாக எழுதியிருந்தீர்கள். ஆயரானதும், இளையோரைச் சபையின் முழு உறுப்பினராகத் தயார்செய்யும் திடப்படுத்தல் வகுப்பு அவர்கள் தலையில்தான் விழும், அதைச் சொல்லித் தொடங்குங்கள். 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் நடத்திய ஓய்வுநாள் பள்ளி (ஞாயிறு பள்ளி), வாரமெல்லாம் உழைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுத்த இடம் என்பதையும் சொல்லலாம்.

அப்புறம் கோட்பாட்டைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டு, ஆளுக்கொரு சபைக்கு அனுப்புங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சகேயு கதையை, அதாவது இயேசுவைச் சந்தித்தபின் அநியாயமாய் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்த வரி வசூலிப்பவரின் கதையை, பத்து நிமிடம் சொல்லட்டும், பிரசங்கத் தொனி இல்லாமல். ‘அண்ணா, பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அவர் ஏழையாயிட்டாரா?’ என்று ஒரு வாண்டு கேட்கும். நம் ஆள் திருதிருவென விழிப்பார். அந்தக் கேள்விகளை எழுதிவரச் சொல்லி அடுத்த வகுப்பில் அலசுங்கள். அதன்பிறகு, பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயைக் கொண்டுவந்தால் காது கொடுப்பார்கள். இதற்கு மதிப்பெண்ணும் வையுங்கள், இல்லாவிட்டால் யாரும் அசையமாட்டார்கள்.