குழந்தை தானே எடுத்துத் தின்னப் பழகுவது: கேள்வி பதில்

ஆறு மாதம் முடிந்த குழந்தைகளின் கையில் உணவைக் கொடுத்துப் பழக்குவது பற்றிச் சென்னைப் பெற்றோரும் ஒரு பாட்டியும் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் குழந்தைகளுக்கான ஊட்டச்சத்து ஆலோசகர்.

மகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு பல்கூட முளைக்கவில்லை. கையில் கொடுக்கலாமா? (பெரம்பூர்)

பல்லுக்காகக் காத்திருக்க வேண்டாம். நன்றாகக் கழுவிய விரலை அவள் வாயில் வைத்துப் பாருங்கள், ஈறின் பலம் தெரியும். பார்க்க வேண்டியவை வேறு: தலை ஆடாமல் நிற்கிறதா, சிறு துணையோடு நிமிர்ந்து உட்காருகிறாளா, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளுவது குறைந்திருக்கிறதா, நீங்கள் சாப்பிடும்போது தட்டின் மேல் பாய்கிறாளா. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

முதலில் எதைக் கொடுப்பது? எவ்வளவு பெரிதாக வெட்டுவது? (வேளச்சேரி)

நம் வீட்டில் இட்லி இருக்கும்போது வேறு எதைத் தேடுகிறீர்கள்? ஆள்காட்டி விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். இந்த வயதில் உள்ளங்கை முழுவதாலும்தான் பிடிக்க முடியும். முஷ்டிக்குள் அகப்பட்டது வாய்க்கு எட்டாது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் கடிக்கும். சிறு துண்டுகள் பிறகுதான், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பொறுக்கத் தொடங்கும் எட்டு, ஒன்பது மாதத்தில்.

பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட் எல்லாம் கொடுக்கலாம். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் மசிய வேண்டும். மசியாவிட்டால் இன்னும் வேகட்டும். வாழைப்பழத்தைக் கழுவி, பாதித் தோலை மட்டும் உரித்துக் கொடுத்தால் வழுக்காது, மீதித் தோலே கைப்பிடி. மாம்பழக் காலத்தில் சதையை நன்றாக வழித்தெடுத்த பங்கனப்பள்ளிக் கொட்டையைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருங்கள். இரு கையாலும் பிடித்துக்கொண்டு சப்பும். நார் பிரிய ஆரம்பித்ததும் வாங்கிவிடுங்கள்.

நேற்று கேரட் துண்டைக் கடித்துவிட்டு ஓங்கரித்தான். என் மனைவி பயந்து அழுதுவிட்டாள். இது ஆபத்துதானே? (அம்பத்தூர்)

பெரும்பாலும் இல்லை. கைக்குழந்தைக்கு ஓங்கரிப்பு நாக்கின் முன்பகுதியிலேயே தூண்டப்பட்டுவிடும். பெரிய துண்டு தொண்டைக்குப் போகும் முன்பே தள்ளிவிடும் காவல் அது. முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், இருமல் சத்தம் கேட்கும். சத்தம் கேட்கும் வரை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். பதறிப்போய் வாய்க்குள் விரலை விட்டால் வெளியே வர இருந்த துண்டை நீங்களே உள்ளே தள்ளிவிடுவீர்கள்.

பயப்பட வேண்டியது சத்தம் நின்றால். தொண்டை அடைத்த குழந்தையால் இருமவோ அழவோ முடியாது. உதடு நீலம் பாயும். உடனே குழந்தையைக் குப்புற உங்கள் முன்கையில் கிடத்தி, தாடையைத் தாங்கி, தலை உடம்பைவிடத் தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். வரவில்லையா, மல்லாத்தி நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். துண்டு வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கூட இருப்பவர் அதற்குள் 108ஐ அழைக்கட்டும். குழந்தை நினைவிழந்தால் செய்ய வேண்டியது வேறு. அதையும் சேர்த்து இந்த முதலுதவியை ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும்தான்.

முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட், வேகாத ஆப்பிள் துண்டு, முறுக்கு இவற்றின் பக்கமே போக வேண்டாம். படுத்தபடியோ, தவழும்போதோ, ஓடும் காரிலோ தின்னக் கொடுப்பதும் கூடாது.

மருமகள் பேரன் முன்னால் சாப்பாட்டை வைத்துவிட்டுச் சும்மா பார்க்கிறாள். பாதி தரைக்குப் போகிறது. நான் மொட்டை மாடியில் காக்காய் காட்டி ஊட்டினால் கிண்ணம் காலி! (திருவான்மியூர்)

அம்மா, கிண்ணம் காலியாவது உங்களுக்கு நிம்மதி. வயிறு நிறைந்தது அவனுக்குத் தெரிந்ததா? காக்காயைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பவனுக்குத் தான் என்ன தின்கிறோம் என்பதே தெரியாது. இந்த வயதில் தாய்ப்பால்தான் இன்னமும் பெரும்பகுதி உணவு. எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு, மூன்று வேளை திட உணவு போதும். அதற்காக உங்கள் கையை யாரும் கட்டிப்போடவில்லை. குழைந்த பருப்புச் சோற்றை நீங்கள் ஊட்டுங்கள், இட்லித் துண்டு அவன் கையில் இருக்கட்டும். தலையைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். செல்போனை வைத்து ஊட்டும் வீடுகளைப் பார்க்கும்போது உங்கள் காக்காய் எவ்வளவோ மேல்.

உப்பு, நாட்டுச் சர்க்கரை, தேன்? (மயிலாப்பூர்)

ஒரு வயது வரை மூன்றும் வேண்டாம். உப்புப் போடும் முன்பே குழந்தைக்கான மாவைத் தனியே எடுத்து வையுங்கள். தேன் நாக்கில் தடவுவதற்குக்கூடக் கூடாது: அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம்.

முட்டை, வேர்க்கடலை எல்லாம் ஒரு வயதுக்குப் பிறகுதானே? ஒவ்வாமை வரும் என்கிறார்களே? (தாம்பரம்)

அது பழைய அறிவுரை. ஒவ்வாமை அபாயம் அதிகமுள்ள கைக்குழந்தைகளுக்கு வேர்க்கடலையை முன்கூட்டியே கொடுத்துப் பழக்கினால் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. கடுமையான தோல் அரிப்பு நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுங்கள். மற்றவர்கள் வேர்க்கடலையை மைய அரைத்து, நீர்க்கக் கரைத்து, இட்லியில் லேசாகத் தடவுங்கள். முட்டை முழுதாக வெந்திருக்கட்டும். புதியதைப் பகலில் கொடுங்கள், கவனிக்க வசதி.

கருவில் சேர்ந்த இரும்புச்சத்து ஆறு மாதவாக்கில் குறையத் தொடங்குகிறது. இட்லியும் வாழைப்பழமும் அதை ஈடுகட்டாது. அசைவ வீடு என்றால் முட்டையும் மிருதுவாக வெந்த கோழியும், சைவ வீடு என்றால் பருப்பும் கீரையும் தினமும் வேண்டும். கீரையில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சத்து நன்றாக உடம்பில் சேரும்.

மே மாத வெயில், வீடெல்லாம் சோறு. என்ன செய்வது? (கொளத்தூர்)

சட்டையைக் கழற்றிவிடுங்கள், பழைய வேட்டியை விரியுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு குளிப்பாட்டுங்கள். எச்சில் பட்ட மிச்சத்தை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள். இந்தச் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும். வீணாகிறதே என்று நீங்கள் தின்று தீர்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அடுத்த முறை ஒரே ஒரு துண்டை வையுங்கள், கேட்டால் இன்னொன்று.