மண்டபத்துப் பார்க்கிங்கில் இடித்த கார்: இன்சூரன்ஸுக்குச் சொல்வதா, விடுவதா?

கேள்வி: போன வாரம் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். சாப்பிட்டு முடித்து, மண்டபத்துப் பார்க்கிங்கில் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்ற காரின் கதவில் இடித்துவிட்டேன். அவர் கதவில் நசுங்கல், எங்கள் பின் பம்பரில் விரிசல். யாருக்கும் அடி இல்லை. அவர் சத்தம் போட, கூட்டம் கூட, என் கணவர் அங்கேயே போனில் 6,000 ரூபாய் அனுப்பி விஷயத்தை முடித்துவிட்டார். "இன்சூரன்ஸுக்குச் சொன்னால் நஷ்டம்தான்" என்கிறார். என் தம்பியோ, "சொல்லாவிட்டால் பாலிசியே செல்லாது" என்று பயமுறுத்துகிறான். பம்பர் மாற்ற சர்வீஸ் சென்டரில் 9,500 கேட்கிறார்கள். 1,200 சி.சி. கார், நான்கு வருஷமாக க்ளைமே இல்லை, பாலிசியில் 45 சதவீதம் நோ க்ளைம் போனஸ் என்று இருக்கிறது. தேய்மானம் கழிக்காமல் க்ளைம் தரும் ஜீரோ டெப் எடுக்கவில்லை. யார் சொல்வது சரி?
– வாசகி, திருச்சி

பதில்: மாமன் மச்சான் பஞ்சாயத்தில் தலையிடுவது ஆபத்து, இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். பணக் கணக்கில் உங்கள் கணவர் சரி. சட்டத்தில் உங்கள் தம்பிக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனால் பாலிசி செல்லாமல் போய்விடும் என்பதெல்லாம் பயமுறுத்தல்தான்.

முதலில் பணம். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள், பிரீமியம் இரண்டு பகுதியாக இருக்கும். அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி பகுதிக்கு அரசு நிர்ணயித்த கட்டணம், 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான கார்களுக்கு 2022 ஜூனில் வைத்தது 3,416 ரூபாய். க்ளைம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடிதான் நோ க்ளைம் போனஸ், அது இதில் ஒரு பைசா குறைக்காது. உங்கள் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதிக்குத்தான் போனஸ். க்ளைம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்தாவது வருஷத்தில் 50. அதற்கு மேல் ஏறாது. ஒரே ஒரு க்ளைம் வாங்கினால் போதும், 300 ரூபாயோ மூன்று லட்சமோ, அடுத்த புதுப்பித்தலில் பரமபத விளையாட்டில் பாம்பு வாயில் விழுந்த மாதிரி நேரே பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

போனஸ் கழிப்பதற்கு முன் உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சும்மா இருந்தால் அடுத்த வருஷம் 50 சதவீதம் கழிந்து 4,500. க்ளைம் போட்டால் முழு 9,000. அதோடு விட்டால் பரவாயில்லை, பலர் இந்த முதல் வருஷ வித்தியாசத்தை மட்டும் பார்த்துவிட்டு "நாலாயிரத்து ஐநூறுதானே" என்று க்ளைம் போட்டுவிடுகிறார்கள், ஆனால் மறுபடி 50-ஐத் தொட இன்னும் ஐந்து வருஷம் ஏணி ஏற வேண்டும். இரண்டாம் வருஷம் 2,700 கூடுதல், மூன்றாவதில் 2,250, நான்காவதில் 1,350, ஐந்தாவதில் 450. மொத்தம் 11,250 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. வருஷா வருஷம் காரின் மதிப்பு இறங்குவதால் பிரீமியமும் கொஞ்சம் இறங்கும், ஆகவே நிஜத்தில் இதைவிடச் சற்றுக் குறையலாம். அவசரத்துக்கு மனக்கணக்கு வேண்டுமென்றால், 50 சதவீதத்தில் இருப்பவருக்கு ஒரு க்ளைமின் விலை முழு ஓன் டேமேஜ் பிரீமியத்தைப் போல ஒன்றே கால் மடங்கு.

சரி, க்ளைம் போட்டால் கைக்கு வருவது எவ்வளவு? 9,500 பில்லில் பம்பர் 4,200, பெயின்டிங் 3,600, கூலி 1,700 என்று பிரித்துப் பார்க்கலாம். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம், கார் புதிதோ பழசோ அதே கதைதான், ஆக 2,100 போயிற்று. பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவு என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், அது ஒரு 450. எல்லாவற்றுக்கும் மேல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு ஒவ்வொரு க்ளைமிலும் 1,000 ரூபாய் நீங்கள்தான் போட வேண்டும், இது கட்டாயம். மிச்சம் 5,950. ஆறாயிரம் வாங்கப் பதினோராயிரம் கொடுப்பதா? ஜீரோ டெப் இருந்திருந்தால்கூட 8,500 வரும், அப்போதும் நஷ்டம்தான். விரிசல் சின்னது என்றால் வெளியே நல்ல டிங்கரிங் பட்டறையில் பம்பரை மாற்றாமலே ஒட்டிப் பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள், செலவும் குறையும். சர்வீஸ் சென்டரில் கேட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பார்கள். அவர்கள் பிழைப்பு அது.

நானே பல வருஷத்துக்கு முன் 2,800 ரூபாய்க்கு க்ளைம் போட்டுவிட்டு, புதுப்பிக்கும்போது நோட்டீஸைப் பார்த்து வாய்பிளந்தவன். அதனால்தான் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் தம்பி கட்சி. மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவு, அடுத்தவர் சொத்துக்குச் சேதம் ஆனாலும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பாலிசியிலும் அப்படி ஒரு நிபந்தனை உண்டு. கதவு நசுங்கியதற்கெல்லாம் ஸ்டேஷனுக்குப் போகிறவர் யார் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆனால் தெரிவிப்பது வேறு, க்ளைம் வாங்குவது வேறு. "இன்ன தேதியில் இன்ன இடத்தில் இப்படி நடந்தது, யாருக்கும் காயமில்லை, என் வண்டிக்கு நான் க்ளைம் கேட்கவில்லை" என்று பாலிசி எண், லைசென்ஸ் விவரத்தோடு ஒரு மெயில் போடுங்கள். இதற்குப் போனஸ் போகாது. போன் செய்து சொன்னால் மட்டும் கவனம், அவர்கள் பழக்கதோஷத்தில் க்ளைம் நம்பர் போட்டுவிடுவார்கள். விதிப்படி க்ளைம் நிலுவையில் இருந்தாலே போனஸ் சிக்கல், ஆகவே அப்படி நம்பர் போட்டுவிட்டால், பணம் எதுவும் தராமல் மூடிவிட்டோம் என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு உண்மையில் உறுத்துவது அந்த 6,000 ரூபாய்தான். கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதோ, தருகிறேன் என்பதோ கூடாது என்று பாலிசியிலேயே இருக்கிறது. சின்ன சேதத்தில் ஊரே செய்கிற காரியம்தான், நானும் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் பட்டறைக்குப் போய், கதவையே மாற்ற வேண்டும், இன்னும் 15,000 கொடு என்று நாளைக்கு வந்து நின்றால்? கம்பெனியிடம் போனால், எங்களைக் கேட்டா பணம் கொடுத்தீர்கள் என்று கை விரிக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். அதனால் இன்றைக்கே அவருக்கு ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு வண்டி எண், தேதி, இடம் எழுதி, "இந்தச் சேதத்துக்காக 6,000 ரூபாய் முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், மேற்கொண்டு கோரிக்கை இல்லை" என்று அவர் பதில் போட்டால் போதும். "என் தப்புதான்" என்ற வரி அதில் வேண்டாம். கழுத்து வலி, முதுகு வலி என்று அவர் தரப்பில் யாராவது ஆரம்பித்தால் பேரமே பேசாமல் நேராகக் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள், அது கைக்காசில் முடிகிற சமாச்சாரம் இல்லை.

கேள்வி: மாலில் நிறுத்தியிருந்த என் காரை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். டோக்கனில் "உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று அச்சடித்திருப்பதைக் காட்டி மால்காரர்கள் கை கழுவுகிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: டோக்கன் வாசகம் எல்லா இடத்திலும் செல்லாது. டெல்லி நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் 1998-இல் திருடு போன வழக்கில், ஹோட்டல்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே வண்டியை ஒப்படைத்தார்கள். நீங்களே நிறுத்தி, சாவியையும் பையில் போட்டுக்கொண்டு போனால் அந்த வாதம் அவ்வளவு எடுபடாது.

உங்களுக்கு வேண்டியது இடித்த வண்டியின் எண். சி.சி.டி.வி. பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும், ஆகவே அந்த நேரத்துப் பதிவை எடுத்து வையுங்கள் என்று மால் மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், அதைக் காட்டினால்தான் பதிவைக் கண்ணில் காட்டுவார்கள். ஆள் கிடைக்காவிட்டால், தப்பு யாருடையதாக இருந்தாலும் உங்கள் பாலிசியில் க்ளைம் போட்டால் போனஸ் உங்களுக்குத்தான் போகும். மேலே திருச்சி வாசகிக்குப் போட்ட கணக்கை உங்கள் பிரீமியத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஜீரோ டெப் பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கிறது. பழைய கீறல், நசுங்கல் எல்லாவற்றையும் ஒரே க்ளைமில் காட்டிச் சரிசெய்துவிடலாம் என்கிறார் தெரிந்த மெக்கானிக்.
– வாசகர், மதுரை

பதில்: சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து துருவைத் தடவிப் பார்த்தாலே எது நேற்று வந்தது, எது தீபாவளிக்கு முன் வந்தது என்று சொல்லிவிடுவார். முன் பம்பரும் பின் கதவும் ஒரே இடியில் நசுங்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு சம்பவமும் தனி க்ளைம், ஒவ்வொன்றுக்கும் தனியாக அந்த 1,000 ரூபாய். இன்னொன்று, க்ளைம் வாங்கிவிட்டு அடுத்த கம்பெனிக்கு மாறி "க்ளைமே இல்லை" என்று எழுதிப் போனஸ் வாங்கும் யோசனையையும் அதே மெக்கானிக் சொல்வார் பாருங்கள். கம்பெனிகள் ஒன்றையொன்று கேட்டுச் சரிபார்க்கும், பொய் என்று தெரிந்தால் பெரிய விபத்தின்போது ஓன் டேமேஜ் க்ளைமையே மறுத்துவிடுவார்கள்.