வாசல் கான்கிரீட்டில் விழுந்த சின்னக் குழிகளுக்கு சிமெண்ட் பால் ஊற்றினால் போதுமா?

போதாது. நீங்களும் வாடகை வீட்டில்தான் இருப்பீர்கள், ஓனர் கண்ணில் படுவதற்குள் அடைத்துவிடப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில், வண்டி நிறுத்தும் தளத்தில் ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பன்னிரண்டு குழிகள். முதலில் மீந்துபோன சுவர்ப் பட்டியை (வால் புட்டி) வைத்து அடைத்தேன். மழையில் வெள்ளையாகக் கரைந்து ஓடியது. அப்புறம் நீங்கள் கேட்கிற அதே சிமெண்ட் பால். ஒரே மாதத்தில் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது.

2024 மார்ச்சில் தர்மபுரியிலிருந்து அப்பா வந்தார். முப்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். குழிக்குள் விரலை விட்டுத் தேய்த்து, ஒட்டியிருந்த தூளைக் காட்டினார். "நீ போட்டதெல்லாம் இந்தத் தூளைத்தாம்மா புடிச்சிருக்கு, தரையைப் புடிக்கல."

ஓரங்களை உளியால் நேராகக் கொத்தி, ஒரு சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கும்படி செய்தார். ஓரம் சரிவாக இருந்தால் கலவை அங்கே மெலிந்து உடைந்துவிடும். கம்பி பிரஷ் போட்டுத் தூளை ஊதி, ராத்திரி முழுக்க ஈரத்துணி போட்டு வைத்தார். காலையில் தேங்கிய நீரை ஒற்றி எடுத்துவிட்டு, லேடெக்ஸ் என்கிற ஒட்டும் திரவம் கலந்த சிமெண்ட் பாலைத் தடவினார். அது காய்வதற்குள் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலவை. மணல் என்றால் சலித்த எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்வது), உருட்டினால் உருண்டையாக நிற்கிற பதம். கரணை நுனியால் குத்திக் குத்தி இறுக்கினார்.

போட்ட கலவை இறுக ஈரம் வேண்டும், ஆனால் அந்த மாதம் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம். குடிநீரைக் கட்டட வேலைக்குப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. அதனால் போர் தண்ணீரில் நனைத்த சாக்கு, மேலே பிளாஸ்டிக் தாள், நாலு மூலைக்கும் செங்கல். தினம் ஒரு சொம்பு வீதம் ஏழு நாள். ஒன்றுகூடப் பெயரவில்லை.

எபாக்சி என்கிற ரசாயனப் பசை இருக்கிறதே என்று இன்ஜினியர்கள் வருவீர்கள். இருக்கட்டும், பன்னிரண்டு குழிக்கு எனக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் குழிக்குள் துருப்பிடித்த கம்பி தெரிந்தால் நான் சொன்னது எதுவும் உதவாது. விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். காலி செய்தபோது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். சுவரில் ஒரு கீறல் கிடையாது. முட்டி வலியோடு அப்பா குந்தி அடைத்த தரையை யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சரி, மதிய வெயிலில் மட்டும் கலவை போடாதீர்கள், சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். புது ஒட்டு நிறம் மாறித்தான் தெரியும், அதற்காகக் கொத்தி எடுத்துவிடாதீர்கள்.