ஆறு கால் நடக்கும் டாங்கி வெறும் சினிமா கற்பனைதானே? அதில் என்னென்ன ஆயுதங்கள் உண்டு?

ஸ்டார் வார்ஸில் வரும் ஏடி-டிஇ-யைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 2002-ல் வந்த 'அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்' படத்தின் கடைசிப் போரில் அணிவகுத்து நடந்து வருமே, அதுதான். யாரோ உங்களிடம் "இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்" என்று சொல்லியிருக்க வேண்டும். என்னிடமும் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆயுதங்கள். முன்னால் நான்கு, பின்னால் இரண்டு என ஆறு லேசர் துப்பாக்கிகள். முதுகில் ஒரு பெரிய பீரங்கி. அது லேசர் இல்லை, குண்டை வீசுவது. அதை இயக்குபவர் கவசத்துக்கு வெளியே, கூரைமேல் உட்கார்ந்திருப்பார். உள்ளே 20 வீரர்கள் போகலாம். 1980-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் நான்கு கால் வண்டியான ஏடி-ஏடி-க்குத் துப்பாக்கி எல்லாம் தலையில்தான். பின்பக்கம் காலி. அது நெட்டையும்கூட, அதனால்தான் காலில் கேபிளைச் சுற்றிக் கவிழ்த்தார்கள். ஆறு கால்காரன் தாழ்வாக, அகலமாக நிற்பான். பீரங்கி உதைத்தாலும் தாங்குவான்.

சரி, கற்பனைதானா? கல்லூரியில் கடைசி வருட ப்ராஜெக்டாக நான் ஆறு கால் ரோபோ செய்தேன். காலுக்கு மூன்று வீதம் 18 சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்). கரப்பான் பூச்சி நடப்பதைப் போல மூன்று கால் தரையில், மூன்று கால் காற்றில். எந்த நொடியிலும் முக்கோணமாக மூன்று கால் ஊன்றியிருப்பதால் பாதியில் நிறுத்தினாலும் விழாது. ஆனால் அந்த முக்கோணத்தில் ஒரு பக்கம் இரண்டு கால், மறுபக்கம் நடுக்கால் மட்டும். மொத்த எடையில் ஏறக்குறைய பாதி அந்த ஒற்றைக் காலில் இறங்கும். கொஞ்ச நேரம் நடக்கவிட்டுத் தொட்டுப் பார்த்தால் நடுக்கால் மோட்டார் மட்டும் கை வைக்க முடியாதபடி சுடும். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

ப்ராஜெக்டை மதிப்பிடும் ரிவ்யூவில் ஒருவர் அது நடப்பதைப் பார்க்கவே இல்லை. "சினிமா பார்த்துட்டு பொம்மை செஞ்சிருக்கே, இதனால சமுதாயத்துக்கு என்ன பயன்?" என்றார். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி வந்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்றுகூடச் சொல்லத் தெரியாதவனுக்கு என்னைவிட அதிக மதிப்பெண். மதிப்பெண் போனதற்காகச் சொல்லவில்லை. சொந்தக் கையால் செய்பவனை இப்படி நடத்தினால் அடுத்த வருடம் யார் செய்வான்? இன்றுவரை ஆறவில்லை.

பயன் என்ன என்றால், இதுதான். 1960-களில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ரால்ஃப் மோஷர் அமெரிக்க ராணுவத்துக்காக நான்கு கால் நடக்கும் வண்டி செய்தார். ஓட்டுபவர் கைகளால் முன்னங்கால்களையும் கால்களால் பின்னங்கால்களையும் இயக்க வேண்டும், சீக்கிரமே களைத்துவிடுவார். 1980-களில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் செய்த ஆறு கால் வண்டியில் கால்களை ஒருங்கிணைக்கும் வேலையைக் கணினி பார்த்துக்கொண்டது. அப்புறம் பின்லாந்தில் மரம் வெட்டவே ஆறு கால் இயந்திரம் செய்து காட்டில் நடக்கவிட்டார்கள்.

உடனே "சங்கிலிச் சக்கரம்தான் எடையைப் பரப்பும், காலடி சேற்றில் புதையும்" என்று சிலர் வருவார்கள். தெரியும். போர்க்களத்தில் டாங்கியைவிட இது மேல் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பாறையும் பள்ளமுமான இடத்தில், ஊன்ற இடம் பார்த்துக் காலெடுத்து வைக்கும் வசதி சக்கரத்துக்கு இல்லை என்றுதான் சொல்கிறேன்.

நீங்களும் மாடல் செய்யும் யோசனையில் இருந்தால், நடுக்கால் இரண்டுக்கும் வலுவான மோட்டார் போடுங்கள். மோட்டார்களுக்குத் தனி பேட்டரி கொடுங்கள். இல்லாவிட்டால் எழுந்து நிற்கும்போதே மின்னழுத்தம் இறங்கி, மோட்டார்களுக்குக் கட்டளை கொடுக்கும் கண்ட்ரோலர் போர்டு ரீசெட் ஆகும்.