கேள்வி-பதில்: சின்னக் கல்லூரி ஃபுட்பாலும் கான்ஃபரன்ஸ் மாற்றங்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கான்ஃபரன்ஸ் மாற்றம் பற்றியவை, அதாவது அமெரிக்கக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் குழுவை (கான்ஃபரன்ஸை) விட்டு இன்னொன்றுக்குப் போவது. ஃபுட்பால் என்றால் இங்கே அமெரிக்கன் ஃபுட்பால். மீதியில் பெரும்பாலும் பணம். இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் கலந்தே பதில் தருகிறேன்.

மிச்சிகனில் இருக்கிறோம். மகனுக்கு ஒரு டிவிஷன் 3 கல்லூரியின் கோச், ஆண்டுக்கு 28,000 டாலர் "ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்" தருவதாகச் சொன்னார். நம்பலாமா?

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மூன்று பிரிவுகளில் கடைசியான டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்று ஒன்று கிடையாது. அந்தப் பிரிவு உருவானது 1973-இல். இதைப் பலமுறை எழுதியாகிவிட்டது, இன்னும் இந்தக் கேள்வி வருகிறது. கோச் சொன்ன 28,000 டாலர், மதிப்பெண்ணுக்கோ குடும்ப வருமானத்துக்கோ கல்லூரி எல்லா மாணவருக்கும் தரும் சலுகையாகத்தான் இருக்கும். தனியார் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கு அறிவித்த கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் தள்ளுபடிதான், பந்து தொடாத பையனுக்கும் கிடைப்பது.

இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. முறையாகத் தந்த சலுகை என்றால், பையன் இரண்டாம் ஆண்டில் முழங்கால் அடிபட்டு விளையாட்டை விட்டாலும் அது நிற்காது. ஆகவே கோச்சின் வாய்ச்சொல்லை விடுங்கள். நிதியுதவி அலுவலகத்தின் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். நான்கு ஆண்டுக்கும் உண்டா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் போய்விடும் என்பது அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

டிவிஷன் 3 ப்ளேஆஃபில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் சீசன் கடைசிப் போட்டியில்) இப்போது எத்தனை அணிகள்?

2024 முதல் 40. அதற்கு முன் 32.

என் நண்பரின் கல்லூரி கான்ஃபரன்ஸ் மாறுகிறதாம். நல்லதா கெட்டதா? சீக்கிரம் பதில் தேவை.

எந்தக் கல்லூரி? எந்த டிவிஷன்? எங்கிருந்து எங்கே? ஃபுட்பால் மட்டுமா, எல்லா விளையாட்டுமா? இதில் ஒன்றையும் எழுதாமல் நல்லதா கெட்டதா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், பதில் தருகிறேன்.

மினசோட்டாவின் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தை அதன் கான்ஃபரன்ஸே வெளியேற்றியது ஏன்? ஜெயிப்பது குற்றமா?

ஜெயித்தது மட்டும் காரணமில்லை. எம்ஐஏசி என்ற அந்த மினசோட்டா கான்ஃபரன்ஸை 1920-இல் தொடங்கிய கல்லூரிகளில் செயின்ட் தாமஸும் ஒன்று. ஆனால் காலப்போக்கில் அது வளர்ந்துகொண்டே போனது. இளங்கலை மாணவர்கள் மட்டும் சுமார் 6,000 பேர். மற்றவற்றில் பலவும் 2,000, 3,000 அளவில் நின்றுவிட்டன. 2017-இல் செயின்ட் ஓலஃப் அணியை 97-0 என்று வென்றார்கள். அந்த ஸ்கோர்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. உண்மையில் ஃபுட்பாலைத் தாண்டி மற்ற விளையாட்டுகளிலும் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. சில கல்லூரிகள் தாங்களே விலகிவிடுமோ என்ற பேச்சு அடிபட்ட பிறகு, 2019 மே மாதம் செயின்ட் தாமஸை வெளியேற்றும் முடிவு அறிவிக்கப்பட்டது. சமநிலையான போட்டி இல்லை என்பதைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

அவர்கள் டிவிஷன் 2-இல் நிற்காமல் 2021-இல் நேராக டிவிஷன் 1-க்குப் போனார்கள். நவீன காலத்தில் அப்படிப் போன முதல் கல்லூரி அதுதான். ஃபுட்பாலுக்கு, ஸ்காலர்ஷிப் தராத பயனீர் லீக். இரண்டாவது ஆண்டே அந்த லீகை வென்றார்கள். மாறுதல் காலம் முடியாததால் ப்ளேஆஃபுக்குப் போக முடியவில்லை.

எனக்கு வருத்தம் வேறொன்றில். செயின்ட் ஜான்ஸுக்கும் செயின்ட் தாமஸுக்கும் நடுவே ஆண்டுதோறும் நடந்த ஆட்டம் போய்விட்டது. 2017-இல் மினியாபொலிஸ் டார்கெட் ஃபீல்டில் அந்த ஆட்டத்தைப் பார்க்க 37,000 பேர் வந்தார்கள். டிவிஷன் 1-இன் பல அணிகளுக்கே வராத கூட்டம் அது. இரண்டு கத்தோலிக்கக் கல்லூரிகள், ஒரே மாநிலம், அப்பா விளையாடிய ஆட்டத்தை மகனும் விளையாடுவது. கல்லூரித் தலைவர்கள் கூடி எடுக்கும் முடிவில் இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது.

தோற்கும் அணி கான்ஃபரன்ஸை விட்டு விலகினால் சரியாகிவிடுமா?

சில சமயம். அதே எம்ஐஏசியில் இருந்த மெக்காலெஸ்டர், 1970-களில் தொடர்ந்து 50 ஆட்டங்கள் தோற்ற அணி. 2002-இல் ஃபுட்பாலை மட்டும் வெளியே எடுத்து, தன் பலத்துக்கு ஏற்ற எதிரிகளோடு ஆடி, 2021-இல் திரும்பி வந்தது. மற்ற விளையாட்டுகள் முழுக்க எம்ஐஏசியிலேயே இருந்ததால் திரும்பி வரக் கதவு திறந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

எங்கள் கல்லூரி ஃபுட்பாலுக்கு மட்டும் வேறொரு கான்ஃபரன்ஸில் சேரப்போகிறது. பயண தூரம் கூடும், மற்றபடி பிரச்சினை இல்லை என்கிறார்கள். உங்கள் கருத்து?

பிரச்சினை இருக்கிறது. வருடக்கணக்காக நான் சொல்லி வருவதும் இதுதான்.

ஃபுட்பாலுக்கு மட்டும் உறுப்பினராக இருப்பது வாடகை வீட்டில் இருப்பது மாதிரி. கான்ஃபரன்ஸின் தலைவர்கள் கூடும்போது உங்கள் கல்லூரிக்குப் பொதுவாக ஓட்டு கிடையாது. ஒப்பந்தம் இரண்டு வருஷம், மூன்று வருஷம். முடியும்போது புதுப்பிப்பதும் விடுவதும் அவர்கள் இஷ்டம்.

சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். கனடாவில், வான்கூவர் பக்கத்து பர்னபியில் இருக்கிறது. அப்போது என்சிஏஏவில் உறுப்பினராக இருந்த ஒரே கனடியக் கல்லூரி, டிவிஷன் 2. 1965-இலிருந்து ஃபுட்பால் ஆடியவர்கள். அவர்கள் இருந்த கிரேட் நார்த்வெஸ்ட் கான்ஃபரன்ஸில் ஃபுட்பால் அணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வெஸ்டர்ன் வாஷிங்டன் 2009 தொடக்கத்தில் ஃபுட்பாலையே நிறுத்தியது. ஹம்போல்ட் ஸ்டேட் 2018-இல். டிக்ஸி ஸ்டேட் டிவிஷன் 1-க்குப் போனது. அசூசா பசிஃபிக் 2020 கடைசியில் நிறுத்தியது. மிஞ்சியது மூன்றே மூன்று அணி: சைமன் ஃப்ரேசர், சென்ட்ரல் வாஷிங்டன், வெஸ்டர்ன் ஓரிகன். மூன்று அணியை வைத்துக்கொண்டு கான்ஃபரன்ஸ் அட்டவணை போட முடியாது. 2022-இல் மூவரும் டெக்சாஸை மையமாகக் கொண்ட லோன் ஸ்டார் கான்ஃபரன்ஸில் ஃபுட்பாலுக்கு மட்டும் சேர்ந்தார்கள்.

பர்னபியிலிருந்து டெக்சாஸின் கிங்ஸ்வில் 3,000 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் எல்லை, பாஸ்போர்ட், விமான மாற்றம். வெள்ளிக்கிழமை வகுப்பு போயே போச்சு. அதையும் பொறுத்துக்கொண்டு ஒரு சீசன் ஆடினார்கள். 2023 தொடக்கத்தில் லோன் ஸ்டார், ஒப்பந்தத்தை சைமன் ஃப்ரேசருக்கு நீட்டிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டது. ஏப்ரலில் பல்கலைக்கழகம் ஃபுட்பாலை உடனடியாக நிறுத்தியது. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த 2023 சீசன் கூட ஆடவில்லை. சில வீரர்கள் நீதிமன்றம் போனார்கள், தடை கிடைக்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு பையன் வேறு எந்த அணியில் போய் இடம் தேடுவான்? மற்ற கோச்சுகள் ஆள் எடுத்து முடித்திருப்பார்கள்.

இதில் யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்பதற்கு இடமே இல்லை. மைதானத்தில் எதுவும் நடக்காமலேயே 58 வருஷ அணி முடிந்துபோனது.

வீடு கொடுத்தவருக்கும் பாதிப்பு உண்டு. பென்சில்வேனியா, மேரிலாந்து கல்லூரிகளின் சென்டெனியல் கான்ஃபரன்ஸில் 10 ஃபுட்பால் அணிகள் இருந்தன. அதில் சஸ்க்வஹானா, ஜூனியாட்டா, மொரேவியன் மூன்றும் ஃபுட்பாலுக்கு மட்டும் வந்தவை. அவற்றின் சொந்த கான்ஃபரன்ஸான லேண்ட்மார்க் 2023-இல் ஃபுட்பாலைத் தொடங்கியதும் மூன்றும் கிளம்பின. சென்டெனியல் ஏழாகச் சுருங்கியது. ப்ளேஆஃபுக்கு நேரடித் தகுதி வேண்டுமென்றால் கான்ஃபரன்ஸில் ஆறேழு அணியாவது வேண்டும். விளிம்பில் நின்றார்கள். 2025-இல் கார்னகி மெல்லன் வந்து சேர்ந்தபிறகுதான் மூச்சு விட முடிந்தது.

எல்லா ஏற்பாடும் மோசம் என்று சொல்லவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் ஃபுட்பாலுக்கு மட்டும் மிட்வெஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடுகிறது. எதிரிகளில் பலரும் சுற்றுவட்டார மாநிலங்களில், பஸ் தூரத்தில். அது ஓடும்.

ஆகவே உங்கள் கல்லூரிக்கு மூன்று கேள்வி எழுதிப் போடுங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? விலக்க வேண்டுமானால் எத்தனை மாத முன்னறிவிப்பு? அட்டவணையில் எத்தனை ஆட்டத்துக்குப் போய்விட்டு அதே ராத்திரி பஸ்ஸில் திரும்பலாம்? பதில் எழுத்தில் வரட்டும்.

பேக்-12 உடைந்ததால் சின்னக் கல்லூரிகளுக்கும் ஆபத்தா?

நேரடியாக இல்லை. மேற்குக் கரையின் பெரிய கல்லூரிகள் இருந்த கான்ஃபரன்ஸான பேக்-12-ஐ 2023-இல் உடைத்தது டிவி பணம். டிவிஷன் 3-இல் அப்படிப் பணமே இல்லை. ஆனால் மேலே ஏற்பட்ட நெருக்கடி கீழே இறங்குகிறது. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃப்ரான்சிஸ் 2025 மார்ச்சில் ஆண்கள் கூடைப்பந்தில் என்சிஏஏ போட்டிக்குள் வந்து, இரண்டே புள்ளியில் தோற்றது. ஒரு வாரத்துக்குள் டிவிஷன் 1-ஐ விட்டு டிவிஷன் 3-க்கு இறங்குவதாக அறிவித்தது. வீரர்களுக்குப் பணம் தரும் புதிய ஏற்பாட்டையும், சுலபமாகக் கல்லூரி மாறும் வசதியையும் தாங்க முடியாது என்பதுதான் சாரம். பெரிய கல்லூரி ஒன்று இப்போது ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கும் மேல் வீரர்களுக்குப் பகிரலாம். லொரெட்டோ என்ற சின்ன ஊரில் இருக்கும் கல்லூரி அதோடு எப்படிப் போட்டி போடும்? அவர்கள் போகும் பிரசிடெண்ட்ஸ் கான்ஃபரன்ஸ், மேற்குப் பென்சில்வேனியாவைச் சுற்றியே இருக்கிறது. சரியான முடிவு என்பேன்.

ஆயிரம் மாணவர் கூட இல்லாத கல்லூரி எதற்காகப் புதிதாக ஃபுட்பால் தொடங்குகிறது? நஷ்டம்தானே?

டிக்கெட் வருமானத்தை வைத்துப் பார்த்தால் நஷ்டம். அவர்கள் போடும் கணக்கு வேறு. ஃபுட்பால் அணி ஒன்றில் 110 பையன்கள். ஒவ்வொருவரும் தள்ளுபடி போக 20,000 டாலர் கட்டினாலும் 22 லட்சம் டாலர். கோச் சம்பளம், ஹெல்மெட், பஸ், காப்பீடு எல்லாம் கழித்தும் மிஞ்சும் என்பார்கள். மிச்சிகனின் ஏட்ரியன் கல்லூரி 2005-க்குப் பிறகு விளையாட்டுகளைக் கூட்டித்தான் மாணவர் எண்ணிக்கையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. அதைப் பார்த்துப் பலரும் இறங்கினார்கள்.

கணக்கில் ஓட்டை இரண்டு. ஃபுட்பால் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய பையனையும் சேர்த்து எண்ணுகிறார்கள். முதலாண்டில் வந்தவர்களில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதைப் பேசுவதில்லை. நீங்களே பார்க்கலாம்: அணிப் பட்டியலை எடுத்து, முதலாண்டு பையன்கள் எத்தனை, நான்காம் ஆண்டு எத்தனை என்று எண்ணுங்கள். 55 பேருக்கு எதிரே எட்டுப் பேர் என்றால் அங்கே என்ன நடக்கிறது என்று புரியும். இதோடு, 110 ஆண்களைச் சேர்த்தால், கல்வியில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் 9 சட்டப்படி பெண்களுக்கும் ஈடான வாய்ப்பு தர வேண்டும். அந்தச் செலவையும் முன்கூட்டியே போட்டிருக்கிறார்களா?

தென் கரோலினாவின் லைம்ஸ்டோன் 2014-இல் ஃபுட்பால் தொடங்கியது. 2025-இல் கல்லூரியையே மூடிவிட்டார்கள். 1845-இல் ஆரம்பித்த இடம். அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் செலவைக் குறைக்க டிவிஷன் 1-ஐ விட்டு இறங்கி, 2007-இல் ஃபுட்பாலை மறுபடி கொண்டுவந்தது. 2024 மே 31-இல் அதுவும் மூடியது. அன்றைக்கு அவர்களுடைய பேஸ்பால் அணி ஒஹையோவில் தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. ஃபுட்பால் ஒரு கல்லூரியைக் கொஞ்ச காலம் தாங்கும், அடியில் கடன் இருந்தால் காப்பாற்றாது.

எனவே, மறுபடியும் சொல்கிறேன், அணியைப் பார்க்கும் முன் கல்லூரியின் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கக் கல்வித் துறை ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் நிதிநிலை மதிப்பெண் போடுகிறது. அதிகபட்சம் 3. 1.5-க்குக் கீழே இருந்தால் கோச் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் யோசியுங்கள். வரித்துறைக்கு அவர்கள் கொடுக்கும் 990 படிவமும் பொதுவில் கிடைக்கும். மூன்று வருஷப் படிவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் பிக் டென்னில் இருந்ததா?

இருந்தது. பெரிய கல்லூரிகளின் அந்த கான்ஃபரன்ஸில் தொடக்க உறுப்பினர். கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது முதன்முதலில் 1935-இல் அவர்களுடைய ஜே பெர்வாங்கருக்குத்தான். 1939-இல் ஃபுட்பாலை நிறுத்தினார்கள், 1946-இல் பிக் டென்னை விட்டார்கள், 1969-இல் சின்ன அளவில் மறுபடி தொடங்கினார்கள்.

டிவிஷன் 3 வீரர் விளம்பரத்தில் நடித்துப் பணம் வாங்கலாமா?

2021 ஜூலையிலிருந்து வாங்கலாம். உள்ளூர் பீட்சா கடை 200 டாலர் தந்தால் பெரிய விஷயம். அதை நம்பிக் கட்டணக் கணக்குப் போடாதீர்கள். மாணவர் விசாவில் இருக்கும் பையன் முதலில் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். விசா விதி வேறு, என்சிஏஏ விதி வேறு.

இண்டியானாபொலிஸுக்குக் குடிவந்திருக்கிறோம். ஒரே ஒரு சின்னக் கல்லூரி ஆட்டம் பார்ப்பதானால் எது?

நவம்பரில் வாபாஷ்-டிபா ஆட்டம். 1890-இல் தொடங்கியது. பரிசு, மோனான் ரயில்வேயின் எஞ்சினில் இருந்த மணி, எடை சுமார் 300 பவுண்டு. ஜெயித்த அணி நேராக ஓடிப்போய் அதைத்தான் பிடிக்கும். அந்தக் கல்லூரிகள் இருக்கும் கிராஃபோர்ட்ஸ்வில், கிரீன்கேஸில் இரண்டு ஊரும் உங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம், ஆட்டம் ஆண்டுக்கு ஒன்றில் மாறி மாறி நடக்கும். டிக்கெட் அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள், வாசலில் கிடைக்கும் என்று போய் நிற்காதீர்கள்.