பகாவ் திடலிலிருந்து கம்போடியாவுக்கு

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர்க் காற்பந்து வீரர் வி. சுந்தரமூர்த்தி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சுவிட்சர்லாந்தில் ஆடியவர் கடைசியில் லாவோஸ் தேசிய அணிக்குப் பயிற்றுநராகப் போனது எனக்கு வருத்தம்தான். நான் பகாவ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. செம்பனை ஆலையில் வேலை. மாலையில் சிறுவர்களுக்குக் காற்பந்து சொல்லித் தருகிறேன். பயிற்றுநருக்கான 'சி' உரிமம் எடுத்துவிட்டேன். கம்போடியாவில் ஒரு பயிற்சி மையம் கூப்பிடுகிறது. "இங்க இருக்கிற பிள்ளைங்கள யாரு பார்ப்பா?" என்கிறார் அம்மா. போகலாமா?

பெயர் வேண்டாம், பகாவ்

அன்புள்ள தம்பி,

போங்கள்.

லாவோஸை நீங்கள் இறக்கம் என்று நினைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் அணிக்கு ஆடப் போனது 1988-இல். 2013-இல் அவர் பயிற்றுவித்த லயன்ஸ் 12 என்ற சிங்கப்பூர் அணி நம் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தைச் சிங்கப்பூருக்கே கொண்டுபோனது. அடுத்த ஆண்டு உங்கள் மாநில அணியான நெகிரி செம்பிலானுக்குப் பயிற்றுநராக வந்தார். பிறகு சிங்கப்பூர் தேசிய அணி, அப்புறம் லாவோஸ். 2019 ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் லாவோஸ் வங்கதேசத்திடம் சொந்த ஊரில் 0-1 தோற்றது, டாக்காவில் 0-0. இரண்டு ஆட்டத்தில் வாங்கியது ஒரே கோல். அதோடு வெளியே. அதைக் கேவலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆடும்போது தன் காலை நம்பலாம். பயிற்றுநர் அடுத்தவர் காலை நம்பித்தான் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குப் பின்னால் திடல். கோல் கம்பம் கித்தா மரக் கட்டை, ரப்பர் மரம்தான். எங்களுக்குச் சொல்லித் தந்தவர் மரம் வெட்டி முடித்து நேராக வருவார், விரலிடுக்கில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அதிகம் பேசமாட்டார். பந்தை எப்படி நிறுத்துவது என்று காட்ட, குனிந்து நம் கணுக்காலைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுப்பார். அந்த இழுப்பு இன்னும் என் காலில் இருக்கிறது. அவர் கம்போடியாவிலும் முதல் நாளே வேலையைத் தொடங்கியிருப்பார்.

ஆனாலும் அந்நாட்டுக் கெமர் மொழி கற்றுக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஓடிப்போய்க் கணுக்காலைப் பிடிக்க முடியாது. ஒப்பந்தத்தில் தங்குமிடம், வேலை அனுமதி, 'பி' உரிமம் படிக்க விடுப்பு, மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. மூத்த பையன்களில் பொறுமைசாலி ஒருவன் இருப்பான். இந்த வாரமே விசிலை அவன் கையில் கொடுத்து, நீங்கள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.