அமெரிக்காவில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கறுப்பர்கள் மேல் போலீஸைக் கூப்பிடுகிறார்களாமே, உண்மையா? இந்தியர்களுக்கும் அது நடக்குமா?

நடக்கும். என் அப்பாவுக்கு நடந்தது. ஆனால் அதை மட்டும் சொன்னால் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் ஆகாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வட கரோலினாவில் ஒரு புறநகரில் 11 வருடமாக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பரில் அப்பாவும் அம்மாவும் ஈரோட்டிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மின்வாரியக்காரர்களைப் பழகியவர்களுக்குத் தெரியும், எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கம்பத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கள் தெருவில் கம்பமே கிடையாது. கம்பியெல்லாம் பூமிக்கடியில். நாலைந்து வீட்டுக்கு ஒன்றாகப் புல்தரை ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பச்சைப் பெட்டி இருக்கும், அதுதான் டிரான்ஸ்பார்மர். அப்பாவுக்கு அது தீராத ஆச்சரியம். காலை நடையில் ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நின்று, குனிந்து, மேலே ஒட்டியிருக்கும் எண்ணைப் படித்து, காதைக் கொண்டுபோய் உறுமலைக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

தலையில் குரங்குக் குல்லா. மார்கழியில் நம் ஊரில் பாதிப் பேர் அதை மாட்டிக்கொண்டுதான் பால் வாங்கப் போவார்கள். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய, கறுத்த ஆள் ஒருவர் அடுத்த வீட்டுப் புல்தரையில் குனிந்து நின்றால் இந்த ஊர்க் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

பையனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி வருகிறேன், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி போலீஸ் கார். அப்பா நடைபாதையில் நிற்கிறார். எதிரே ஒரு அதிகாரி, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அப்பாவின் வலது கை ஸ்வெட்டர் பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

நம் ஊரில் போலீஸ் நிறுத்தினால் கை தானாகப் பைக்குத்தான் போகும், லைசென்ஸையோ ஆதாரையோ எடுக்க. இங்கே அந்த ஒரு அசைவுக்கு அர்த்தமே வேறு, துப்பாக்கியை எடுக்கிறார் என்று நினைத்துவிடலாம். "அப்பா, கைய வெளிய எடுங்க!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் மிரண்டுபோய் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஒரு கையில் பாலித்தீன் உறையில் போட்ட பாஸ்போர்ட் ஜெராக்ஸ். எங்கே போனாலும் இதை வைத்திருங்கள் என்று நான்தான் கொடுத்திருந்தேன்.

அந்தப் பையன் நல்லவிதமாகவே பேசினான். முகமூடி போட்ட ஒருவர் வீடுகளை நோட்டம் விடுகிறார் என்று யாரோ 911 என்ற அவசர எண்ணை அழைத்தார்களாம். யார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "ஏம் பாப்பா அப்படிக் கத்துன? அந்தத் தம்பி என்னை வார்த்தைக்கு வார்த்தை சார்ங்கிறான். நம்மூர்ல எந்த எஸ்.ஐ. நம்மள சார்னு கூப்புட்டிருக்கான்?" அவருக்கு உள்ளூர சந்தோஷம். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கை நடுக்கம் நிற்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் அவ்வளவு பயம் என்றால், நான் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். 2015 பிப்ரவரி 6, அலபாமா மாநிலத்தின் மேடிசன் நகரம். குஜராத்திலிருந்து மகன் வீட்டுக்கு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த 57 வயதுத் தாத்தா காலையில் நடக்கப் போனார். பக்கத்துக் குடியிருப்பாளர் ஒருவர் போலீஸுக்குப் போன் செய்தார்: ஒல்லியான ஒரு கறுப்பு ஆள், தலையில் குளிர்குல்லா, கார் ஷெட்டுகள் பக்கம் சுற்றுகிறார், இதற்கு முன் பார்த்ததில்லை. வந்த அதிகாரிகளிடம் தாத்தா "இந்தியா", "நோ இங்கிலீஷ்" என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லி, வீட்டுப் பக்கம் கை காட்டினார். ஒரு அதிகாரி அவர் கையைப் பின்னால் பிடித்துக்கொண்டு முகம் மண்ணில் மோதத் தூக்கி அடித்தார். கழுத்தில் அறுவைச் சிகிச்சை, பாதி உடம்பு செயலிழப்பு. ரோந்து கார் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மாநில ஆளுநரே மன்னிப்புக் கேட்டார். அந்த அதிகாரி மேல் நடந்த வழக்கில் இரண்டு முறை ஜூரி ஒருமித்த முடிவுக்கு வராமல் கலைந்தது. கடைசியில் 2016 ஜனவரியில் நீதிபதி அதிகாரியை விடுவித்தார். 2021-ல் நகர நிர்வாகத் தரப்பு 17.5 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒத்துக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது அந்தப் போன் அழைப்பு. அழைத்தவர் இந்தியர் ஒருவரைப் பார்க்கவில்லை, கறுப்பர் ஒருவரைத்தான் பார்த்தார். அவர்கள் மேல் கொட்டும் மழையின் சாரல்தான் நம் மேல் படுவது. இங்கே இருக்கும் நம்மவர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் என் கருத்து இதுதான்.

கறுப்பர்களுக்கு இது எவ்வளவு சாதாரணம் என்பதற்கு 2018 ஒரு வருடமே போதும். ஏப்ரலில் பிலடெல்பியாவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடை. இரண்டு கறுப்பு இளைஞர்கள் தொழில் விஷயமாக ஒருவரைச் சந்திக்க வந்து காத்திருந்தார்கள். எதுவும் வாங்கவில்லை, கழிப்பறை கேட்டார்கள், இல்லையென்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் உள்ளே வந்து இரண்டொரு நிமிடத்தில் மேலாளர் 911-ஐ அழைத்துவிட்டார். யாருக்காகக் காத்திருந்தார்களோ அந்த வெள்ளைக்காரர் வந்து சேர்வதற்கும் போலீஸ் இவர்களைப் பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. மணிக்கணக்காகக் காவலில் வைத்து, வழக்கே போடாமல் வெளியே விட்டார்கள். அந்த இருவரும் நகரத்திடமிருந்து ஆளுக்கு ஒரே ஒரு டாலர் வாங்கிக்கொண்டு, இளம் தொழில்முனைவோருக்கு 2 லட்சம் டாலரில் ஒரு நிதி ஏற்படுத்த வைத்தார்கள். கம்பெனி மே 29 மதியம் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளை மூடி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. நாம் காபி டேயில் ஒரு காபியைக்கூட வாங்காமல் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்!

அதே ஏப்ரல் கடைசியில் ஓக்லாந்தில் ஏரிக்கரைப் பூங்காவில் கரி அடுப்பு மூட்டிக் கறி சுட்டவர்கள் மேல் ஒரு அழைப்பு. மே மாதம் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக் களைத்துப் பொது அறையில் தூங்கிய மாணவி மேல். ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் தண்ணீர் பாட்டில் விற்ற 8 வயதுச் சிறுமி விஷயத்தில். ஜூலையில் ஓரிகனில் ஜானெல் பைனம் என்ற சட்டமன்ற உறுப்பினர் வீடு வீடாக வாக்குச் சேகரித்துக்கொண்டே செல்போனில் குறிப்பெடுத்திருக்கிறார், அதற்கு ஒரு அழைப்பு. அவர் அடுத்த வருடமே, இனத்தைக் காரணமாக வைத்து வீண் அழைப்பு செய்தவர் மேல் வழக்குப் போட வழிசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார். 2020-ல் நியூயார்க் மாநிலமும் சான் பிரான்சிஸ்கோவும் இதே வழியில் சட்டம் போட்டன.

சட்டத்தால் பெரிதாகப் பிரயோஜனம் இருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கெட்ட எண்ணத்தோடு அழைத்தார் என்று நிரூபிக்க வேண்டும். என் அப்பாவைப் பார்த்து அழைத்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது, நிஜமாகவே பயந்திருப்பார். அந்தப் பயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை எந்த நீதிமன்றமும் தோண்டப் போவதில்லை. தெரிந்தே செய்பவர்களும் இருக்கிறார்கள், சரி. 2020 மே 25 காலை நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், நாயைச் சங்கிலியில் கட்டச் சொன்ன பறவை ஆர்வலர் கிறிஸ்டியன் கூப்பரிடம், "ஒரு ஆப்பிரிக்க அமெரிக்கர் என் உயிருக்கு மிரட்டல் விடுக்கிறார் என்று போலீஸிடம் சொல்லப் போகிறேன்" என்று முதலில் அறிவித்துவிட்டே போன் செய்தார் ஒரு பெண். அதே நாள் மாலையில்தான் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸின் முழங்காலின் கீழ் இறந்தார். அதுவும் ஒரு அழைப்பில் தொடங்கியதுதான், 20 டாலர் நோட்டு கள்ளநோட்டோ என்று கடையிலிருந்து போன ஒரு அழைப்பு.

அழைப்பு போலீஸுக்குப் போய்ச் சேரும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். நாம் பேசுவது ரோந்து காரில் இருப்பவரிடம் இல்லை. ஒருவர் கேட்டுத் தட்டச்சு செய்வார், இன்னொருவர் அதைச் சுருக்கி ரேடியோவில் சொல்வார். 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில் டமிர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். அழைத்தவர், அது பொம்மையாகத்தான் இருக்கும், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்று சொல்லித்தான் இருந்தார். அந்த இரண்டும் வழியிலேயே உதிர்ந்துபோய், துப்பாக்கியோடு ஒரு கறுப்பு ஆள் என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சுட்டுவிட்டார்கள். அப்பா விஷயத்தில் குல்லா முகமூடி ஆனதும் இப்படித்தான் இருக்கும்.

இனி சொல்லக் கூச்சமாக இருக்கும் பகுதி. எங்கள் குடியிருப்பில் இந்தியக் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அப்பா வருவதற்கு முந்தைய கோடையில் யாரோ வாசல் கேமரா படம் ஒன்றைப் போட்டார்கள். கறுப்பு இளைஞன், கையில் டேப்லெட். "எல்லா வீட்டு மணியும் அடிக்கிறான், ஜாக்கிரதை." இரண்டு பேர் உடனே "911 கூப்பிடுங்க" என்றார்கள். பூச்சிமருந்து அடிக்கும் கம்பெனிக்கு வாடிக்கையாளர் பிடிக்க வந்தவன் அவன். அதற்கு முந்தைய வாரம் அதே வேலைக்கு வந்த வெள்ளைக்காரப் பையனுக்கு எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மோர் கலந்து கொடுத்ததையும் நான் பார்த்தேன். நல்லவேளை, யாரும் அழைக்கவில்லை. நான் குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுந்து போய்க் கதவைப் பூட்டினேன்.

நெக்ஸ்ட்டோர் என்ற அக்கம்பக்கத்தார் செயலியில் இந்த மாதிரிப் பதிவுகள் பெருகி, ஓக்லாந்துக்காரர்கள் சண்டை போட்ட பிறகு, 2016-ல் படிவத்தையே மாற்றினார்கள். இனத்தைக் குறிப்பிட்டால் உடை, தலைமுடி, காலணி என்று வேறு அடையாளமும் தரவேண்டும், இல்லாவிட்டால் பதிவு ஏறாது. இனத்தை மட்டும் வைத்து எழுதும் பதிவுகள் 75 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. நானும் இப்போது அதையே செய்து பார்க்கிறேன்: நிறத்தை எடுத்துவிட்டால் போலீஸிடம் சொல்ல என்ன மிஞ்சுகிறது? "ஒருவர் மணி அடிக்கிறார்." "ஒருவர் நடக்கிறார்." இதற்கெல்லாம் 911 எதற்கு? உண்மையிலேயே உறுத்தினால் அவசரமில்லாத அழைப்புக்குத் தனி எண் இருக்கிறது, அதைக் கூப்பிடலாம்.

அப்பா அதற்குப் பிறகும் தினமும் நடக்கப் போனார். குல்லாவுக்குப் பதில் என் கணவரின் பேஸ்பால் தொப்பி. பச்சைப் பெட்டிகளை நடைபாதையிலிருந்தே பார்த்துக்கொண்டார். போன மாதம் அம்மா போனில் சொல்லிச் சிரித்தார்: ஈரோட்டில் காலை நடையில் எதிரே போலீஸ் ஜீப் வந்தால், பையிலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தொங்கப் போட்டுக்கொண்டு ஜீப் போகும் வரை நின்றுவிடுகிறாராம்.